படம் பார்த்துவிட்டு ஜிம்முக்குப் போனால் என்ன தப்பு?

"படத்தைப் பார்த்துட்டு வந்திருக்கான், ஒரு மாசம் தாங்க மாட்டான்." புதுப் பையன் யாராவது ஜிம் வாசலில் வந்து நின்றால் எங்கள் பக்கத்து மாஸ்டர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழியைச் சினிமா மேல் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியும், வீட்டில் திட்டியும், பழைய பேண்ட் இடுப்பில் ஏறாமல் போயும் அசையாத ஆளை, ஒரு மூன்று நிமிடக் காட்சி விடியற்காலையில் எழுப்பி ஷூ மாட்ட வைக்கிறதென்றால் அது லேசுப்பட்ட வேலையா? அதிலும் மதுரையில்! ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊர் இது. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றச் சாரத்தில் விறுவிறுவென ஏறும் தம்பிகளைப் பார்த்தால், நம் ஊரில் உடம்புக்குத் தெம்பில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். அந்த ஏற்றத்தை வாரம் நாலு நாள் ஏற வைப்பது எப்படி என்பதுதான் என் கவலை.

சினிமாவுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவு ஏதோ சிக்ஸ் பேக் காலத்தில் வந்தது இல்லை. 1894இல், படம் என்றாலே ஒரு பெட்டிக்குள் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்த நாட்களில், எடிசனின் நிறுவனம் எடுத்த முதல் சில படங்களில் ஒன்றில் தோன்றியவர் ஒரு பயில்வான்தான். யூஜின் சாண்டோ. கையை மடக்குகிறார், முதுகைத் திருப்பிக் காட்டுகிறார். கதையும் இல்லை, வசனமும் இல்லை. அதற்கே ஜனங்கள் காசு கொடுத்தார்கள். அந்த மனிதரின் பெயர் கடல் தாண்டி வந்து நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. சாண்டோ சின்னப்பா தேவர். எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்தாரே, அவரேதான். ஆக, கேமரா எந்தக் காலத்திலும் உடம்பை ரசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், படத்திலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறோம் என்பதில். 2008இல் 'வாரணம் ஆயிரம்' வந்தபோது சூர்யாவின் வயிற்றைப் பற்றி பேசாத டீக்கடை கிடையாது. படத்தில் காதலியை இழந்து, போதையில் விழுந்து, அதிலிருந்து தன்னை மீட்டுக்கொள்ளத்தான் அவன் உடம்பை வருத்துகிறான். அந்தப் பகுதியை விட்டுவிட்டு வயிற்றுக் கட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தோம். அந்த உடம்பு ஒரு ஷாட்டுக்காகத் தயாராகிற உடம்பு. சட்டையைக் கழற்றும் காட்சி என்றால் தண்ணீரையும் உப்பையும் கணக்குப் பார்த்துக் குறைப்பார்கள், கேமரா ஓடுவதற்குச் சற்று முன் எடை தூக்கித் தசையை முறுக்கேற்றுவார்கள், பக்கவாட்டில் லைட் வைத்து ஒவ்வொரு வரியையும் எடுத்துக் காட்டுவார்கள். மறுநாள் காலையில் அந்த நடிகருக்கே அந்த வயிறு அப்படியே இருக்காது.

2016இல் வந்த 'தங்கல்' இதற்கு நல்ல உதாரணம். படத்தில் ஆமிர் கான் இளைஞராக இருந்து தொப்பை போட்ட அப்பாவாகிறார். எடுத்த வரிசையோ தலைகீழ். முதலில் எடையை ஏற்றி, வயதான பகுதிகளை முடித்துவிட்டு, அப்புறம்தான் குறைத்து இளைஞன் பகுதிகளில் நடித்தார். முதலில் கட்டுடம்போடு நடித்துவிட்டுப் பிறகு எடை போட்டால், படம் முடிந்ததும் அதைக் குறைக்க உந்துதல் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். கோடிகளில் சம்பளம் வாங்கி, பயிற்சியாளரைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறவருக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது பாருங்கள். வேலை முடிந்து எட்டு மணிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் நமக்கு இருக்காதா?

கண்ணாடியை நம்பி ஜிம்முக்குப் போகிறவன் ஒரு மாதத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் உடம்பின் வேலைமுறையிலேயே இருக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் நன்றாகவே கூடும், ஆனால் தசை பருமன் ஆனதால் அல்ல. இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால். கண்ணாடியில் தெரியும் மாற்றத்துக்கு மாதங்கள் ஆகும். ஐந்து தண்டாலுக்கு மூச்சு வாங்கியவன் பதினைந்து எடுத்திருப்பான், அது அவனுக்கு வெற்றியாகவே படாது. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகல மாஸ்டர்" என்று கிளம்பிவிடுவான். அவசரக்காரனுக்கு ஊசியும் பவுடரும் விற்க ஆள் காத்திருப்பது அந்த இடத்தில்தான். ஹார்மோன் ஊசி இதயத்தையும் ஈரலையும் பதம் பார்க்கும் என்பதை எந்தப் படத்தின் பயிற்சிப் பாட்டிலும் காட்ட மாட்டார்கள்.

அதனால் நான் சொல்வது, ஹீரோவின் உடம்பை விட்டுவிட்டு அவன் செய்யும் வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. 'சார்பட்டா பரம்பரை'யில் எனக்கு இன்றைக்கும் பிடித்தது ஆர்யாவின் கட்டுடம்பு அல்ல. சாராயத்தில் விழுந்து, தொப்பை போட்டு, ஊரே கைவிட்ட கபிலன் கடற்கரையில் மறுபடி ஆரம்பிக்கிறானே, அது. ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? 1976இல் வந்த ஹாலிவுட் குத்துச்சண்டைப் படம் 'ராக்கி'யும் அப்படித்தான். பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் 72 படிகளை அவன் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளி ஏறுவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அதே படிகளில் விலாவைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி ஏறும் காட்சி ஒன்று இருக்கிறது, அது பலருக்கு மறந்துவிட்டது. இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் அங்கே போய் ஓடி ஏறுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கீழக்குயில்குடியில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில், அதை ஒட்டிச் சமணர் மலைப் படிகள். மேலே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் பல நூற்றாண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் உங்களுக்கும் விலா பிடிக்கும், பிடிக்கட்டும். (ராக்கி குடிக்கிற பச்சை முட்டை மட்டும் வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும், நாற்றமும் இல்லை.)

என் பெரியம்மா இதையெல்லாம் விளக்காமலே கண்டுபிடித்துவிட்டார். எம்.ஜி.ஆர். என்றால் அவருக்கு உயிர். மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது போனில் எம்.ஜி.ஆர். பாட்டு ஓடும். பாட்டில் வாத்தியார் குதிரை வண்டியை விரட்டினால் பெரியம்மாவின் நடையும் கூடும், சோகப் பாட்டு வந்தால் உடனே மாற்றிவிடுவார். குளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி. ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். "வாக்கிங்னு நெனச்சா கால் வலிக்கும்டா, பாட்டுக் கேக்கப் போறேன்னு நெனச்சாப் போயிரலாம்" என்பார்.

பெரியம்மா செய்வதை ஒரு பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கேத்தரின் மில்க்மேன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. கீழே வைக்க மனம் வராத ஒலிநாவல்களை ஒரு கருவியில் ஏற்றி, அதை ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார்கள். அந்தக் குழு தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தது. நாளாக ஆக அது தேய்ந்து, நவம்பர் மாத நன்றி நாள் விடுமுறையோடு படுத்துவிட்டது. நமக்குச் சித்திரைத் திருவிழாவோ தீபாவளியோ குறுக்கே வந்தால் நடப்பது அதேதான், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் யார் ட்ரெட்மில்லில் ஏறுவார்கள்? திருவிழா முடிந்ததும் இன்னொரு சீரிஸை எடுத்து, ட்ரெட்மில்லில் மட்டும்தான் பார்ப்பேன் என்று மறுபடி கட்டுப்பாடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. 150 நிமிடம் என்றால் இடைவேளையை விட்டுவிட்டால் ஒரு தமிழ்ப் படம். முதல் காட்சிக்கு விடிய விடிய நின்று டிக்கெட் எடுத்த ஊருக்கு வாரம் ஒரு படம் பெரிய பாரமா?

மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை படம் பார்த்த சூட்டோடு ஒரு பையன் வந்தால், எந்த ஹீரோ மாதிரி ஆகணும் என்று கேட்காதீர்கள், எந்தக் காட்சி பிடித்தது என்று கேளுங்கள். குத்துச்சண்டை என்றால் கயிற்றைக் கையில் கொடுங்கள். மல்யுத்தம் என்றால் தண்டாலும் பஸ்கியும் போடச் சொல்லுங்கள், மூலையில் தூசி படிந்து கிடக்கும் கர்லாக்கட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். இன்று எத்தனை எடுத்தான் என்று ஒரு நோட்டில் குறித்து, பத்து நாள் கழித்து அவனிடமே காட்டுங்கள். வருடச் சந்தாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.