குதிரைத்திறன் மட்டும் போதாது

"எஞ்சின் குதிரைத்திறன் அதிகமுள்ள சிறிய டிராக்டரை வாங்கினால் போதும், புல்லும் வெட்டலாம், பனியும் அகற்றலாம்" என்று சொல்வது வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும். புல்வெட்டி, பனியகற்றி போன்ற கருவிகளைச் சுழற்றுவது, எஞ்சின் திறனை அவற்றுக்குக் கடத்தும் பி.டி.ஓ. (power take-off) தண்டுக்கு வந்து சேரும் திறன்தான். அது எஞ்சின் திறனைவிடக் குறைவு, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இயக்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டிகளில் பொதுவாக இன்னும் சற்றுக் குறையும். பின்புற பி.டி.ஓ. தண்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 முறையும், வண்டியின் நடுவில் அடிப்பகுதியில் உள்ள நடுத்தண்டு ஏறக்குறைய 2000 முறையும் சுழல்வதால், ஒன்றுக்கான கருவியை மற்றதில் அப்படியே மாட்ட முடியாது. வண்டியின் அடியில் பொருத்தும் புல்வெட்டிக்கு, நடுத்தண்டு இல்லாத டிராக்டர் எவ்வளவு திறன் இருந்தாலும் உதவாது. எனக்கு இதைவிடக் கவலை தருவது டயர். புல்தரையைக் காப்பதற்கென்றே அமைந்த ஆழமற்ற பள்ளங்கள் கொண்ட டயர், உறைந்த பனியில் எளிதில் வழுக்கும். சரிவான பாதையில் அது உண்மையான ஆபத்து. வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலிக்கும், பிடிமானத்துக்காகப் பின்புறம் ஏற்றும் எடைக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும்.