88 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி அல்ல

இந்திய ஆண்கள் நாளுக்கு 88 நிமிடமும் பெண்கள் 289 நிமிடமும் வீட்டுவேலை செய்வதாக ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 88 நிமிடம் என்பது, கேட்கப்பட்ட நாளில் வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்தவர்கள் 27.1 சதவீதம்தான். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லா ஆண்களுக்கும் பகிர்ந்தால் சுமார் 24 நிமிடம். பெண்களில் வீட்டுவேலை செய்தவர்கள் 81.5 சதவீதத்தினர், அவர்களின் சராசரி 289 நிமிடம். எல்லோருக்குமாகப் பகிர்ந்தாலும் ஏறக்குறைய 235. பத்து மடங்கு வித்தியாசத்தை மூன்று மடங்காகக் காட்டுவது அநியாயம்.

இன்னொன்று: இந்தக் கணக்கெடுப்பில் காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதுகிறார்கள். அதற்குள் 10 நிமிடத்துக்குக் குறைந்த வேலை பதிவாகாது. பால் பொங்காமல் பார்ப்பது, மோட்டார் போடுவது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அப்படியே விடுபட்டுவிடும். கணக்கில் குறைவது பெரும்பாலும் பெண்களின் நேரம்.