ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள்

“நீங்களே விலகுவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள் மேடம், அனுபவச் சான்றிதழில் எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம்” என்று மனிதவள அதிகாரி பரிவான குரலில் சொன்னபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அது 2019 செப்டம்பர். கர்ப்பத்தை நான் எழுத்தில் தெரிவித்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டு மதிப்பீடுகளிலும் நல்ல பெயர் வாங்கியிருந்த என் வேலை, அந்த ஆறு வாரத்தில் திடீரென்று திருப்தியற்றதாகிவிட்டது. நான் மின்னஞ்சல் அனுப்பவில்லை. மறுநாள் பணிநீக்கக் கடிதம் வந்தது.

இதே நிலையில் இருக்கும் பெண்கள் இப்போது என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, வழக்குப் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதில்லை. ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள் என்பேன். நீக்கப்பட்டவருக்குச் சட்டத்தில் இருக்கும் வாசல்கள், தானாக விலகியவருக்கு ஏறக்குறைய எல்லாமே மூடிவிடுகின்றன. வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள் என்று பின்னால் வாதிடலாம்தான். ஆனால் நான்கு சுவருக்குள் நடந்த வற்புறுத்தலை நிரூபிக்கும் சுமை முழுவதும் நம் தலையில் விழும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று நானும் நம்பித்தான் இறங்கினேன். அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள்; முழுதாகப் படித்தவர்கள் குறைவு. பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவது சட்டவிரோதம் என்று அது திட்டவட்டமாகச் சொன்னது. ஆனால் விடுப்புக்குப் போகும் முன்பே, வேலைக்கு வந்துகொண்டிருக்கும் கர்ப்பிணியை நீக்கினால், அந்த நீக்கத்தால் அவருக்குரிய பேறுகால ஊதியம் பறிபோகாது என்றுதான் சொன்னது. பணம் கிடைக்கும், வேலைக்கு அந்தப் பிரிவில் அதே உறுதி இருக்கவில்லை. என்னை ஐந்தாவது மாதத்தில் நீக்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே, வேலையைத் திரும்பக் கேட்க, அப்போதிருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின்கீழ் அரசின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். சமரசப் பேச்சில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்பதால், எனக்குப் பரிவாக ஆலோசனை சொன்ன அதே மனிதவள அதிகாரி என் எதிரே உட்கார வேண்டியிருந்தது. எட்டு மாத வயிற்றோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒன்றும் நகரவில்லை. மனுக் கொடுத்து 45 நாள் கடந்தால் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்பதால், 2020 தொடக்கத்தில் கைக்குழந்தையோடு போனேன். அடுத்து வந்தது ஊரடங்கு. ஓராண்டுக்கு மேல் வாய்தாவைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

பிறகு விசாரணை தொடங்கியபோது, என்னை ஏன் நீக்கினார்கள் என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. நான் சட்டப்படி ‘தொழிலாளி’தானா என்பதே வழக்காகிவிட்டது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார்கள். என் பதவியின் பெயரோ அசிஸ்டென்ட் மேனேஜர். சில நூறு ரூபாய் உயர்வோடு அந்தப் பெயர் கிடைத்த நாளில் தளம் முழுவதும் மைசூர்பாகு கொடுத்தவள் நான்! நாள் முழுவதும் மென்பொருளைச் சோதிப்பதே என் வேலை, யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ யாரையும் தண்டிக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை என்பதை, குறுக்கு விசாரணையில் இரண்டு நாள் நின்று சொன்னேன். அப்போது கைகொடுத்தவை என் பணி நியமன ஆணை, மதிப்பீட்டுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், கர்ப்பத்தைத் தெரிவித்த மின்னஞ்சலின் தேதி ஆகியவைதான். மடிக்கணினியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். தனிப்பட்ட நகல் வைத்திருக்காவிட்டால் என்னிடம் கண்ணீரைத் தவிர வேறு சான்று இருந்திருக்காது.

முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடியும் என்ற ஏர் இந்தியாவின் விதியை, இந்தியப் பெண்மைக்கே செய்த அவமதிப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1981-இல் ரத்து செய்தது. இன்று எந்த நிறுவனமும் அப்படி விதி எழுதாது. பணித்திறன் என்று எழுதும். இதற்குக் காரணம் முதலாளிகளின் கல்நெஞ்சம் மட்டும் அல்ல என்பது என் கருத்து. தோழிகள் சிலர் இதற்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். 2017-இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய அரசு, அந்த ஊதியத்தில் தன் பங்காக ஒரு ரூபாயும் வைக்கவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் கொடுக்கிறது, அதற்கு மேல் வாங்கும் பெண்ணின் முழு ஊதியமும் அவருடைய நிறுவனத்தின் செலவு. கர்ப்பிணியை ஒரு செலவுக் கணக்காகப் பார்க்கச் சட்டமே கற்றுக்கொடுத்துவிட்டு, பாகுபாடு காட்டாதே என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போதாததற்கு, நீக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் போக முன்பு இருந்த மூன்று ஆண்டு அவகாசத்தைப் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இரண்டாகக் குறைத்திருக்கிறது. பிரசவம் முடிந்து, குழந்தை தூங்கப் பழகி, தாய் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போவதற்குள் அதில் பாதி போய்விடும்.

2022-இல் நிறுவனமே சமரசத்துக்கு வந்தது. அதற்குள் நான் வேறு வேலையில் சேர்ந்திருந்ததால் பழைய இடம் எனக்குத் தேவைப்படவில்லை. வேலையில்லாதிருந்த காலத்துக்கான ஊதியத்தில் ஒரு பகுதியையும் பேறுகாலத் தொகையையும் ஒப்புக்கொண்டேன். ஒப்பந்தத்தின் வரைவில், ‘மனுதாரர் தாமாகவே பணியிலிருந்து விலகினார்’ என்று மீண்டும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ‘பணிநீக்க ஆணை திரும்பப் பெறப்படுகிறது’ என்று எழுதிக்கொண்டு வரும் வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். தட்டச்சு செய்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று, வராந்தாவில் காத்திருந்தேன்.