போட்ட பணம் எப்போது திரும்பும்?

'சம்பளம் பத்தவில்லை, கூட ஏதாவது தொழில் செய்யலாமா?' என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். போடும் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? லாபம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1964 மே மாதம் 50, 100 கியாட் (பர்மாவின் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அரசு சொன்னது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின. அந்த முறை மாற்றாக ஒரு காசும் தரவில்லை. கையில் நாலு காசு மிஞ்சினால் நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே நகைக்கடைக்கு ஓடுவது சும்மா இல்லை.

எங்கள் அண்ணி பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கூடவே இட்லி மாவு வியாபாரம். கரண்டு எப்போது வருகிறதோ அப்போதுதான் கிரைண்டர் ஓடும். நடுராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்துகொள்வார். காலையில் தெருவிலேயே பாக்கெட் தீர்ந்துவிடும். அந்தக் காசில் மறுநாளைக்கு உளுந்து. ஏப்ரல் வெயிலில்தான் பாடு. மதியத்துக்குள் மாவு புளித்துவிடும் என்று அண்டாவில் ஐஸ்கட்டி போட்டு நடுவில் மாவுச் சட்டியை வைப்பார். அந்த ஐஸ் காசு போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

வேடிக்கை என்னவென்றால், உளுந்து விளைவது இந்த மண்ணில், விலை ஏறி இறங்குவது இந்தியா வாங்குவதைப் பொறுத்து. ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்து என்று 2021-இல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தமே போட்டார்கள். மதுரையில் இட்லி சாப்பிடுகிறவருக்கும் அண்ணிக்கும் ஒரே மூட்டையில் போட்டி! ஆனாலும் அண்ணிக்குப் பெரிய அடி விழாது. இன்று விலை ஏறினால் நாளைக்கே பாக்கெட் விலையை ஏற்றிவிடலாம், முடங்கிக் கிடப்பது ஒருநாள் முதலீடுதான்.

தையலும் அப்படித்தான். துணி அவர்களுடையது, நூலும் உழைப்பும் நம்முடையது. மிதி மெஷினுக்குக் கரண்டும் வேண்டாம். டியூஷனுக்கு முதலே இல்லை, மாத ஆரம்பத்தில் காசைக் கேட்கும் தைரியம் இருந்தால் போதும் (நம் ஆட்களிடம் அதுதான் கிடையாது).

நான் பயப்படுவது தாய்லாந்திலிருந்து அழகு சாதனப் பொருள் இறக்கி பேஸ்புக்கில் விற்கும் வியாபாரத்துக்கு. இங்கே பேஸ்புக்குக்குத் தடை, அதைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி போட்டால்தான் திறக்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆர்டர் போடும்போது டாலருக்கு ஒரு ரேட், பெட்டி வரும்போது இன்னொரு ரேட். 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு நிர்ணயித்ததை நம்பி வெளியே யார் டாலர் தந்தார்கள்? இதைவிட மோசம், சேர ஒரு தொகை கட்டு, கீழே இரண்டு பேரைச் சேர் என்பது. கோயில் வாசலில்கூட பிடித்துக்கொள்கிறார்கள். சாமான் விற்றுப் பிழைப்பவன் ஏன் ஆள் சேர்க்க அலைய வேண்டும்?

ஊறுகாய் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாங்காய் சீசனில் வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் விற்கும் சரக்கு, பணம் முடங்கும். பாதிக் காசை முன்பணமாகத் தருபவர்களுக்கு மட்டும் போடுங்கள். ரங்கூனில் தாம்வே பக்கம் பழைய கண்ணாடி பாட்டில் மொத்தமாக விற்கிறவர் தெரிந்தால் கீழே சொல்லுங்கள், அண்ணியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.