தூண்டில் வாங்கியவர் காசு

அமெரிக்க மாநிலங்களின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மத்திய அரசு "அள்ளிக் கொடுக்கிறது" என்கிறது, மாநிலங்களின் கூட்டுத் திட்டங்கள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அது யார் காசு என்றும் சொல்லியிருக்கலாம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரியை இதற்கென ஒதுக்கியது 1937-ன் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம். தூண்டில் சாமான்கள் மீதான 10 சதவீத வரியை 1950-ன் டிங்கெல்-ஜான்சன் சட்டம் ஒதுக்கியது. தூண்டில் வாங்குகிறவர் விலையோடு விலையாக இதையும் கட்டிவிட்டுத்தான் ஏரிக்கே போகிறார்!

அதுவும் சும்மா வந்துவிடாது. நூறு டாலர் செலவில் 75 வரைதான் மானியம், மீதி மாநிலத்தின் பங்கு. பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, பிறகு கணக்குக் காட்டி வாங்க வேண்டும். ஆனால் அந்த 25-ம் ரொக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பாக வேட்டையாடுவது எப்படி என்று வகுப்பெடுக்கும் தன்னார்வலர் எத்தனை மணி நேரம் நின்றார் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த உழைப்பையும் டாலராக மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

இன்னொன்று. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தின் (அழியும் இனங்கள் சட்டம்) 6-ஆம் பிரிவில், இரண்டு மாநிலங்களாவது கைகோத்தால் மானியம் 75 சதவீதத்திலிருந்து 90 ஆகிறது. மீனுக்கு எந்த மாநில எல்லை தெரியும்? கூட்டுத் திட்டம் பற்றிய அந்தக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே!