பாட்டியை டியூஷன் மிஸ் ஆக்காதீங்க

காலையில வேலைக்குக் கிளம்பற அவசரத்துல மகளும் மருமகளும் பிள்ளையை நம்மகிட்ட விட்டுட்டுச் சொல்ற பட்டியலைக் கேட்டிருக்கீங்களா? பதினோரு மணிக்குப் பழம், மதியம் ரசம் சாதம், தூங்கி எழுந்ததும் ஒர்க்‌ஷீட் ரெண்டு பக்கம், ஏபிசிடி ஒரு தடவை, 1 முதல் 50 வரை ஒரு தடவை. விளையாட வைக்கணும்னு யாரும் சொல்றதில்லை. மூணரை வயசுப் பிள்ளைக்கு இது!

நான் அங்கன்வாடியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. எங்க ஊர்ல இன்னும் பால்வாடி டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப வீட்டுல பாட்டி உத்தியோகம். சொல்ல வர்றது இதுதான்: பேரப்பிள்ளைக்கு நாம பாடம் எடுக்க வேண்டாம். கூட உட்கார்ந்து விளையாடினாலே அந்த வயசுக்கு வேண்டிய படிப்பு வந்துடும்.

பென்சிலையே எடுத்துக்கங்க. எழுத வைக்கறதுக்கு முன்னாடி விரலுக்குப் பலம் வரணும். மொச்சை உரிச்சா வரும், முருங்கைக்கீரை உருவினா வரும். கோலமாவைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுத்து இழுக்கப் பாருங்க, கோடு கோணலாத்தான் போகும், ஆனா பென்சில் பிடிக்கற பிடி கிட்டத்தட்ட அதுதான். பால்வாடியில களிமண் உருட்டவும் மணி கோர்க்கவும் விடறது இதுக்குத்தான். ஆனா கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்கள் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?"

இந்த இடத்துல சிலபேர், "மாண்டிசோரில சொல்றதெல்லாம் எங்க பாட்டி அன்னைக்கே செஞ்சாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அது ஒத்துக்கறதில்லை. பிள்ளை தானே செஞ்சு பழகற அந்தக் கல்வி முறையை உருவாக்கின இத்தாலிக்காரங்க மரியா மாண்டிசோரி அம்மா 1939ல சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்க. அவங்க முறையில தண்ணி ஊத்தறதும் பருப்பைத் தரம் பிரிக்கறதும் பிள்ளையோட கை. பெரியவங்க வாயை மூடிட்டுப் பக்கத்துல இருப்பாங்க. நம்ம பாட்டி சமையலறையில நடந்தது என்ன? முறத்தைத் தொட்டா "ஐயோ கொட்டிடுவே, அங்கிட்டுப் போ"ன்னு விரட்டினோம். சொம்பைத் தூக்கினா பிடுங்கினோம். பிள்ளை வேடிக்கை பார்த்துச்சு, அவ்வளவுதான். முறத்தை அது கையில கொடுங்க. பருப்பு சிந்தும். சிந்தினதைப் பொறுக்கறதும் விரலுக்கு வேலைதான்.

சொப்புச் சாமான் விளையாட்டுல எங்க வீட்டுத் தாத்தாதான் கெட்டிக்காரர். பேத்தி வெறும் சொப்பை நீட்டி "காபி"ங்கறா. அவர் உறிஞ்சிப் பார்த்துட்டு, "சக்கரை பத்தலையே தாயி"ங்கறார். அவ திரும்பிப் போய் இல்லாத டப்பாவைத் திறந்து, இல்லாத கரண்டியால போட்டுக் கலக்கி எடுத்துட்டு வர்றா. "இப்ப சூடு ஆறிப்போச்சே." மறுபடி அடுப்படி. வெளியிலிருந்து பார்த்தா கிழவர் வம்பு பண்றார்னு தோணும். ஆனா வெறும் சொப்பைக் காபின்னு வச்சுக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான், நாளைக்கு ஒரு வளைஞ்ச கோட்டை 'அ'ன்னு வச்சுக்கறது சுலபமா வரும். இருக்கற ஒண்ணை இல்லாத ஒண்ணுக்குப் பதிலா நிறுத்தற அதே வேலைதான் ரெண்டுலயும். நடுவுல அவ பேசற வாக்கியங்களைக் கேக்கணும். "தாத்தா, பால் தீந்துபோச்சு, அதனால கடைக்குப் போயிட்டு வந்து போடறேன், சரியா?" எந்த ஒர்க்‌ஷீட்டும் இப்படி ஒரு 'அதனால'வைக் கொண்டுவராது.

அஞ்சு வயசு தாண்டினா தாயம் ஆடுங்க. ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, ரெண்டு, மூணு புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. முதல்ல பிள்ளை ஒவ்வொரு புள்ளியா விரல் வச்சு எண்ணும். கொஞ்ச நாள் போனதும் எண்ணாமலேயே "மூணும் ரெண்டும் அஞ்சு, எனக்கு இன்னொரு ஆட்டம்!"னு கத்தும். கூட்டல்னு யாரும் சொல்லித் தரலை. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு. ஒண்ணுமே இல்லாததுக்கு எப்படி அவ்வளவுன்னு பேரன் கேட்டான். ஆட்டத்தோட விதி அப்படிடான்னு சொன்னேன். "யார் போட்ட விதி?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எந்தக் காயை நகர்த்தறது, அஞ்சு கட்டம் தள்ளி நிக்கற பாட்டி காயை வெட்டறதா, இல்ல பெருக்கல் குறி போட்ட கட்டத்துல ஏறித் தப்பிச்சுக்கறதா? அந்த யோசனையில நெத்தி சுருங்கறதைப் பார்க்கறதே ஒரு சுகம்.

அடுத்து நம்ம தாத்தா பாட்டிமார் செய்யற தப்பு. பிள்ளை அழக்கூடாதுன்னு ஒவ்வொரு ஆட்டத்துலயும் விட்டுக்கொடுக்கறது. வேண்டாம். காய் வெட்டுப்பட்டா அழட்டும், பலகையைத் தட்டிவிடட்டும், அடுத்த நாள் அதுவே வந்து "தாயம் போடலாமா"ன்னு கேக்கும். தோத்துப் பழகறதை வீட்டுல பழகாம வேற எங்க பழகும்? அதே மாதிரி, விருந்தாளி வந்தா "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு"ன்னு நிறுத்தி வைக்கறதும் வேண்டாம். அது பிள்ளைக்குப் பரிட்சை, நமக்குப் பெருமை.

சோறு ஊட்டப் போனைக் கையில கொடுக்கறதுலயும் நாமதான் முன்னாடி நிக்கறோம். ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. மூணு வேளை சாப்பாட்டுலயே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துடுது. நிலாவைக் காட்டி, நாயைக் காட்டி, "அந்தக் காக்கா எங்க போகுது?"ன்னு வாயைக் கிளறி ஊட்டினா நேரம் ஆகும்தான். ஆகட்டுமே, நாம எந்த ஆபீசுக்குப் போகணும்?

இன்னொரு விஷயம், இது பிள்ளையைப் பெத்தவங்களுக்கு. எங்களுக்கு முட்டி வலிக்குது. நாள் முழுக்கத் தரையில உட்கார்ந்து எழுந்திரிக்க முடியாது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கறது சந்தோஷம், ஆனா அது சம்பளமில்லாத வேலைன்னும் ஞாபகம் இருக்கட்டும். "இன்னைக்கு முடியலடா கண்ணு"ன்னு ஒரு பாட்டி சோபாவுல சாஞ்சுட்டா குத்தமா எடுத்துக்காதீங்க. அப்படிச் சாஞ்சு கிடக்கும்போது பிள்ளை டாக்டராகி ஊசி போட வரும், அதுவும் விளையாட்டுதான். ஒர்க்‌ஷீட் முடியலைன்னு மட்டும் சாயங்காலம் வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

தாயக்கட்டைக்கு எங்க போறதுன்னு கேக்கறவங்க பித்தளைப் பாத்திரக் கடையில விசாரிங்க. அதுவும் வேண்டாம்னா நாலு புளியங்கொட்டையை எடுத்து, சொரசொரப்பான தரையில லேசாத் தண்ணி விட்டு, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியற வரைக்கும் தேய்ங்க. தேய்க்கற வேலையைப் பிள்ளைகிட்டயே கொடுத்துடுங்க, ஒரு மத்தியானம் ஓடிடும். வெள்ளை எத்தனை விழுதோ அத்தனை கட்டம். நாலும் கறுப்பா விழுந்தா எத்தனைன்னு நீங்களும் பிள்ளையும் பேசி ஒரு கணக்கு வச்சுக்கங்க. வீட்டுல மூணு வயசுக்குக் கீழ குட்டி இருந்தா மட்டும் ஆட்டம் முடிஞ்சதும் கொட்டையை எண்ணி எடுத்து மேல வச்சுடுங்க. வாயிலயும் மூக்குலயும் போட்டுக்கற வயசு அது.