கமராவுக்கு முதல் றாக்கையைப் பாருங்கள்

கல்முனை, மட்டக்களப்புப் பலசரக்குக் கடைகளில் திருட்டைத் தடுக்க, கடைக்குக் கடை கமரா பூட்டச் சொல்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. பொருள் களவு போன பிறகுதான் கமரா அதைக் காட்டும்; அதில் நேரம் பிழையென்றால் பொலிசுக்கும் அவ்வளவாக உதவாது. முதலில், கல்லாவில் இருந்தே கடை முழுக்கத் தெரியும்படி, சாமான் அடுக்கும் நடு றாக்கையை நெஞ்சளவுக்குக் குறையுங்கள். 400 கிராம் பால்மா, பற்றரி, சவர பிளேட் மூன்றும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கட்டும். மத்தியானமும் கடை பூட்டும்போதும் அவற்றை மட்டும் எண்ணி பில்லோடு ஒப்பிட்டால், எந்த நேரத்தில் குறைகிறது என்பது இரண்டு கிழமையில் பிடிபடும். சில வேளை லொறியில் இறக்கும்போதே குறைந்திருக்கும், நாங்கள் வீணாகப் பிள்ளைகளைச் சந்தேகப்படுவோம்.

பிடிபட்டவரைக் கட்டிவைத்து அடிப்பது சட்டப்படி குற்றம். முகநூலில் படம் போடுவது அந்தக் குடும்பத்தையே அழிக்கும், தயவுசெய்து வேண்டாம். மாநகர சபை தெருவிளக்கை எரியவைக்கட்டும். பிள்ளைக்காகப் பால்மா திருடிப் பிடிபடும் தாயைப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அனுப்ப ஒரு வழி செய்யட்டும்.